அறிவும் சங்கத்தின் பொதுச் சொத்தே

நூல் வாங்குவதில் நாம் கூட்டுறவைக் கடைப்பிடிக்கிறோம். கடன் பெறுவதிலும், விளைந்ததை விற்பதிலும் கடைப்பிடிக்கிறோம். தனி நெசவாளி ஒருவரால் ஆலையிடம் பேசி முடிக்க இயலாத விலையைச் சங்கம் பேசி முடிக்கிறது. தனி விவசாயி ஒருவரால் கட்ட இயலாத கிடங்கைச் சங்கம் கட்டுகிறது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூலமாக உள்ள ஒரு பொருளை மட்டும் நாம் இன்னமும் தனித்தனியே பூட்டி வைத்திருக்கிறோம். அதுதான் தொழிலறிவு.

சாயம் ஓடாமல் நிற்கும் பக்குவம் ஓர் அங்கத்தினருக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு மூன்றாம் வீட்டுக்காரர் அது தெரியாமல் சேலையைப் பாழாக்கிக்கொள்கிறார். மக்காச்சோளக் குருத்தில் புழுவின் எச்சத்தைக் கண்ட விவசாயி தம் வயலை மட்டும் காத்துக்கொள்கிறார். அடுத்த வரப்புக்காரர் விஷயத்தை அறியும்போது பயிரில் பாதி போய்விடுகிறது. நூலைப் பொதுவில் வைத்து, அறிவைத் தனியே வைத்திருக்கும் சங்கம் பாதிக் கூட்டுறவுச் சங்கமே என்பது என் அபிப்பிராயம். கைப்பேசியும் இணையமும் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் வந்துவிட்ட இந்நாளில், இந்தக் குறையை நீக்கிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் எப்படி நடப்பது, எங்கே கால் வழுக்கும் என்பதை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோடிகள் காட்டிய நெறி

கூட்டாகக் கற்பது கூட்டுறவு இயக்கத்துக்குப் புதிதன்று. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி, இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் முன்னோடிகள் தங்கள் கடையைத் திறந்தார்கள். அவர்களுள் கம்பளித் துணி நெய்வோர் பலர் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வாசகசாலை அமைத்தார்கள், நூல்நிலையம் சேர்த்தார்கள். 1850களில் உபரியில் 100க்கு 2½ பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடிய தொழிலாளர்கள் இதைச் செய்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனம் 1995ஆம் ஆண்டில் வகுத்த ஏழு கோட்பாடுகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் தகவலும் அளிப்பது. நாமும் கூட்டுறவுக் கல்வி நிதி என்ற பெயரில் ஆண்டுதோறும் பணம் செலுத்தி வருகிறோம். அந்த நிதியால் நம் தறிக்கும் வயலுக்கும் வந்த அறிவு எவ்வளவு என்று எத்தனை பேரவைக் கூட்டங்களில் நாம் கேட்டிருக்கிறோம்?

இப்போது இதைக் கேட்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2009-10ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதிலும் நெசவாளரும் துணைத் தொழில் செய்வோரும் சேர்ந்து 43.31 லட்சம் பேர் இருந்தனர். 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேரே இருந்தனர். பத்தாண்டுகளில் எட்டு லட்சம் பேர் குறைந்தார்கள் என்றால், அவர்களோடு கைத்திறனும் போயிற்று என்பதே பொருள்.

முன்பு வீடே பள்ளிக்கூடமாக இருந்தது. பிள்ளை முதலில் தார் சுற்றும்; பின் அறுந்த இழையைப் பிணைக்கும்; பின் தறியில் பெரியவர் அருகே உட்காரும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொருவரும் வேண்டும். அப்படி உட்கார்ந்தே அடுத்த தலைமுறை தொழிலைக் கற்றது. இன்று பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள்; அது நன்மையே. ஆனால் தறியருகே காலியான அந்த இடத்துக்கு ஈடாக நாம் எதையும் ஏற்படுத்தவில்லை.

கேட்பது வேறு, கூடிப் பேசுவது வேறு

கைப்பேசியில் ஆயிரம் படக்காட்சிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கருவி வந்துவிட்டதனால் மட்டும் கல்வி வந்துவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு.

கனடா தேசத்தில் 1941ஆம் ஆண்டு முதல் 1965ஆம் ஆண்டு வரை விவசாயிகளின் வானொலி மன்றங்கள் நடைபெற்றன. அயலவர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள், முன்கூட்டி வந்த குறிப்பைப் படிப்பார்கள், ஒலிபரப்பைக் கேட்பார்கள், பிறகு விவாதித்துத் தங்கள் முடிவை எழுதி அனுப்புவார்கள். இந்த முறையை 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன் புனேயை மையமாகக் கொண்டு மராத்திக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தது. சுமார் 150 கிராமங்களில், கிராமத்துக்கு இருபது பேர் அளவில் மன்றங்கள் அமைந்தன. பத்து வாரங்கள், வாரத்துக்கு இரு முறை ஒலிபரப்பு நடந்தது. டாட்டா சமூக விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் பால் நியூரத் என்ற அறிஞர் இதன் பலனை அளந்தார். மன்றம் உள்ள கிராமங்களை, வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களோடும், வானொலியே இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டார். மன்றம் உள்ள கிராமங்களிலேதான் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்கள் அவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன. பெட்டி செய்தியைக் கொண்டுவந்தது, கற்பித்தது கூட்டம்.

தஞ்சை மாவட்டத்து விவசாயிகளுக்கு இது புரியாத விஷயமன்று. 1966ஆம் ஆண்டையொட்டி ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, வானொலி வழியே அறிந்த காரணத்தால் அதை ‘ரேடியோ நெல்’ என்றே மக்கள் அழைத்தார்கள்.

இன்றைய இணையக் கல்வியும் இதே பாடத்தைத் திரும்பச் சொல்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் 2012-13இல் இணையவழியாக இலவசமாக நடத்திய 17 பாடங்களுக்கு 8,41,687 பதிவுகள் நடந்தன. முடித்துச் சான்றிதழ் பெற்றவை 43,196 மட்டுமே. அதாவது 100க்கு ஐந்து. எட்டிப் பார்த்துப் போகவே பலர் வந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும், உலகப் புகழ் பெற்ற ஆசிரியர்களே பாடம் சொன்னாலும், தனியே திரையின் முன் உட்கார்ந்தவரை இறுதிவரை இழுத்துச் செல்வது எளிதன்று என்பது இதனால் விளங்கும். உடன் கற்போர் இருந்தால் வெட்கம் ஒரு பக்கம் தள்ளும். உற்சாகம் மறு பக்கம் இழுக்கும்.

இதற்கு மாறான முயற்சியும் ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் திட்டத்தில், உள்ளூர் விவசாயியே தம் வயலில் செய்து காட்டுவதைப் படம் பிடித்தார்கள். அதைக் கிராமத்தார் கூடியிருக்கும் இடத்தில் ஓட்டி, நடுநடுவே நிறுத்தி, கேள்வி கேட்டு, பேசச் செய்தார்கள். பேராசிரியர் சொன்னால் ‘அது அவருக்குச் சரி’ என்று போகிறவர்கள், பக்கத்து ஊர்க்காரர் செய்ததைப் பார்த்தால் ‘நாமும் செய்து பார்ப்போமே’ என்கிறார்கள். இது மனித சுபாவம்.

ஒரு கம்பெனியின் தொழிலாளர் கண்ட வழி

கூட்டுறவு அல்லாத ஒரு ஸ்தாபனத்திலிருந்தும் நாம் கற்கலாம். நகலெடுக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஜெராக்ஸ் கம்பெனியில் பழுது நீக்குவோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். இன்ன பழுதுக்கு இன்னது செய் என்று தடித்த புத்தகம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் அறிஞர் அவர்களுடன் சுற்றித் திரிந்து கவனித்தார். புத்தகத்தில் இல்லாத பழுதுகளே அவர்களைத் திணறவைத்தன. அவற்றை அவர்கள் தீர்த்தது, உணவு நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளால். ‘அந்த இயந்திரம் இப்படி மக்கர் செய்தது, நான் இப்படிச் செய்து பார்த்தேன்’ என்ற பேச்சுத்தான் அவர்களுடைய மெய்யான கலாசாலை. ஓர் தம் ஆராய்ச்சியை 1996ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அந்தப் பேச்சை எழுத்தில் சேர்த்து எல்லோருக்கும் எட்டச் செய்ய, 1990களில் அந்தக் கம்பெனி ‘யுரேகா’ என்ற ஏற்பாட்டைக் கணினியில் அமைத்தது. முதலில் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளர்களிடையே அது நடந்தது. அதன் விதிகள் நம் கவனத்துக்கு உரியவை. ஒருவர் தாம் கண்ட உபாயத்தை எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சகதொழிலாளர்கள் அதைப் பரிசீலித்து, சரி என்று கண்டால் சேர்ப்பார்கள். சேர்த்த குறிப்பில் எழுதியவர் பெயர் நிற்கும். இதற்குப் பணம் தரலாமா என்ற யோசனை வந்தபோது, தொழிலாளர்களே அதை விரும்பவில்லை. பணம் வந்தால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள், தரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். தோழர்களிடையே கிடைக்கும் நற்பெயரே போதிய ஊதியம் என்று கருதினார்கள்.

ஆக, பேசுவதற்கு இடம், சொன்னதைச் சரிபார்க்க ஆள், சொன்னவருக்குப் பெயர், தேடினால் கிடைக்கும் பதிவு ஆகிய நான்கும் சேர்ந்தபோதுதான் அறிவு பொதுச் சொத்தாயிற்று.

நம் குழுக்களின் நிலை

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது என்று இன்று பல காரியதரிசிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுக்களை மேற்சொன்ன நான்கையும் கொண்டு அளந்து பாருங்கள். சில குழுக்களில் நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம், மற்றவர் வாசிக்கலாம். அது அறிவிப்புப் பலகை. அதில் கல்வி நடவாது. வேறு சில குழுக்களில் யாரும் எதையும் எழுதலாம். காலை வணக்கப் படங்களும் அரசியல் சச்சரவும் நிரம்பி, ‘பாவு நூல் அடிக்கடி அறுகிறதே, கஞ்சியிலா குறை, அச்சிலா குறை?’ என்று ஓர் அங்கத்தினர் கேட்ட கேள்வி அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகிறது. அபூர்வமாக நல்ல பதில் வந்தாலும் ஒரு வாரத்தில் அதைத் தேடிப் பிடிக்க முடிவதில்லை. முதல் வகைக் குழுவில் பேச இடமில்லை. இரண்டாம் வகையில் சரிபார்ப்பும் பதிவும் இல்லை.

சரிபார்ப்பு இல்லாத அறிவுரை உயிருக்கே உலை வைக்கும். 2017ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சுக்கு ஆளாகி மாண்டார்கள். மருந்தின் அளவும் கலவையும் விளையாட்டான விஷயங்கள் அல்ல. ஆகையால், மருந்து பற்றிய எந்தக் குறிப்பும் வேளாண்மை அலுவலரின் ஒப்புதல் இன்றிக் குழுவில் இடம்பெறலாகாது என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். ஆனால் பூச்சியைக் கண்ட செய்தியோ உடனே பரவ வேண்டும். 2018ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் தென்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பிடித்தது. குருத்துக்குள் புகுந்துவிட்ட புழுவை அழிப்பது கடினம். முட்டையாகவும் சிறு புழுவாகவும் இருக்கும்போதே காண வேண்டும். எந்த வயலில், எந்தத் தேதியில் கண்டது என்று படத்தோடு ஒருவர் அறிவித்தால், அன்று மாலையே நூறு பேர் தத்தம் வயலில் இறங்கிப் பார்க்கலாம். அந்த ஒரு செய்தியின் மதிப்பு ஒரு பருவத்து விளைச்சல்.

ஆட்சேபங்களுக்குப் பதில்

முதல் ஆட்சேபம் நெசவாளரிடமிருந்து வரும். ‘நான் பாடுபட்டுக் கண்ட டிசைனையும் சாயப் பக்குவத்தையும் வெளியே சொன்னால், நாளைக்கே விசைத்தறிக்காரர் அதை அச்சடித்தாற்போல் இறக்கிவிடுவாரே?’ இது நியாயமான அச்சம். ஆனால் இதற்கு விடை மௌனம் அன்று; எல்லை வகுத்தல். எது அங்கத்தினருக்குள் மட்டும் இருக்க வேண்டும், எதை ஊரறியச் சொல்லலாம் என்பதைச் சங்கம் தீர்மானிக்கட்டும். புது டிசைன் விற்பனைக்கு வரும்வரை குழுவில் வர வேண்டியதில்லை. ஆனால் நூல் அறுவது, சாயம் திட்டாகப் பிடிப்பது, ஜக்கார்டு அட்டை தவறுவது போன்றவற்றின் பரிகாரத்தை மறைப்பதால் யாருக்கு லாபம்? காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீட்டையே எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயரின் உரிமை தனி ஒருவருக்கு உரியதன்று. அங்கே முறைப்படி நெய்வோர் அனைவருக்கும் உரியது. ஒருவர் மட்டமான சேலை நெய்தால் அந்தப் பெயர் எல்லோருக்கும் கெடும். பெயர் பொதுவாக இருக்கையில், அந்தப் பெயரைக் காக்கும் அறிவு மட்டும் தனியாக இருப்பது எப்படிப் பொருந்தும்?

இரண்டாம் ஆட்சேபம், எல்லோரிடமும் கைப்பேசி இல்லை என்பது. முதியவர்களுக்கு எழுத்து தெரியவில்லை. பல வீடுகளில் நல்ல கைப்பேசி ஆண்களின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைத்தறி வேலையில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை மனத்தில் கொண்டால், இந்தக் குறை சிறியதன்று. ஆனால் புனே கிராமத்தார் அனைவரிடமும் வானொலிப் பெட்டி இருந்ததா? ஊருக்கு ஒன்று இருந்தது. அதைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்தார்கள். சங்க அலுவலகத்தில் ஒரு பெரிய திரையை வைத்து, வாரத்தில் ஒரு மாலை கூடினால் போதும். பெண் அங்கத்தினருக்கு அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் தனி வட்டம் வேண்டும். எழுத இயலாதவர் குரலில் பதிவு செய்யட்டும். கேட்பவருக்கு அதுவே எளிது.

மூன்றாம் ஆட்சேபமே மிகவும் சிந்திக்கத்தக்கது. கைத்தொழில் திரையில் வருமா? முழுவதும் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; திரைச் சுரைக்காயும் அப்படியே. ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனி 1985ஆம் ஆண்டையொட்டி, வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரத்தைச் செய்ய முயன்றது. மாவைப் பிசையும் பக்குவம் வரவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், காரணம் விளங்கவில்லை. இகுகோ தனகா என்ற பெண்மணி, ஒசாகா நகரத்து ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் நேரில் பயிற்சி பெற்றார். அவர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கும் முறுக்குகிறார் என்பதை அருகில் இருந்து கண்டுபிடித்தார். பிறகே இயந்திரம் வெற்றி பெற்றது. ரொட்டிக்காரருக்கே தாம் செய்வதைச் சொல்லில் சொல்லத் தெரிந்திருக்காது. பாவின் இறுக்கத்தை விரலால் அறியும் நெசவாளியும், மண்ணைக் கையில் எடுத்து ஈரம் சொல்லும் விவசாயியும் அப்படிப்பட்டவர்களே. ஆகவே, இணையவழிக் கூட்டம் தறிமேடைக்கு மாற்றாகாது. தறிமேடைக்கு ஆள் சேர்க்கும் வாயிலாக அது இருக்க வேண்டும். குழுவில் கேள்வி எழட்டும். பதில் தெரிந்தவர் யாரென்று தெரியட்டும். பிறகு கேட்டவர் அவர் தறியருகே போய் உட்காரட்டும்.

நாம் செய்யத்தக்கது

பெரும் செலவும் பெரிய திட்டமும் வேண்டியதில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஐந்து காரியங்களைத் தீர்மானித்தால் போதும்.

முதலாவது, அறிவிப்புக்கு ஒரு குழு, தொழில் பேச்சுக்கு வேறொரு குழு என்று பிரித்துவிட வேண்டும். தொழில் குழுவில் அங்கத்தினர் யாவரும் எழுதலாம்; தொழிலுக்குப் புறம்பானது எதுவும் கூடாது.

இரண்டாவது, நெசவுக்கு மூவர், பயிருக்கு மூவர் எனப் பரிசீலனைக் குழு அமைக்க வேண்டும். நிர்வாகிகள் நியமிப்பதைவிட அங்கத்தினர்களே கைதேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுப்பது நலம். ஒரு குறிப்பை வேறு இருவர் செய்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அது உறுதியான குறிப்பாகக் கொள்ளப்படும்.

மூன்றாவது, உறுதியான குறிப்புகளை, கண்டவர் பெயரோடு, தலைப்பு வாரியாக ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு சங்கத்தின் கணினியிலும் இருக்கட்டும், அச்சிட்ட படியாக அலுவலகத்திலும் இருக்கட்டும். அந்நிய ஸ்தாபனத்தின் கைப்பேசிச் செயலியிலே மட்டும் நம் அறிவை வைத்துவிட்டு, ஒரு நாள் அது மூடிவிட்டால் கை பிசைந்து நிற்கலாகாது. பங்குப் பதிவேட்டைக் காப்பது போலவே இதையும் காக்க வேண்டும்.

நான்காவது, வாரம் ஒரு மாலை, ஒரு கேள்வி, ஒரு படக்காட்சி, ஒரு மணி நேரப் பேச்சு. முடிவை எழுதி வைப்பது ஒருவர் பொறுப்பு. அடுத்த வாரம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘சென்ற வாரம் பேசியதை யார் செய்து பார்த்தீர்கள்?’ என்பதே.

ஐந்தாவது, தறியில் இளைஞருக்குப் பயிற்சி தரும் முதிய நெசவாளிக்கு, அவர் வேலை இழக்கும் நேரத்துக்கான கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும். குறிப்பு எழுதுவதற்குப் பணம் வேண்டாம், பெயர் போதும். ஆனால் நாள் முழுதும் நாடாவை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுப்பவரின் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?

இவற்றை மேலிருந்து உத்தரவு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பது கூட்டுறவுக்கு அழகன்று. ராச்டேல் நெசவாளர்களுக்கு வாசகசாலை வைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பங்குத்தொகை போனால் மீண்டும் வசூலிக்கலாம். கிடங்கு இடிந்தால் மீண்டும் கட்டலாம். சொல்லாமலே கண்மூடிய ஒரு முதிய நெசவாளியின் கைப்பக்குவத்தை எந்த நிதியைக் கொண்டும் மீட்க இயலாது. நம் சங்கங்களில் அத்தகைய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பதிவேட்டைத் திறப்போமாக.